பர்மாவைப் பார்க்காத பர்மாக்காரர்

போன மாதம் வாழைக்காய் சீவும்போது சேர்த்து விரலையும் சீவிக்கொண்டேன். பேசிக்கொண்டே காய் நறுக்குகிற பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான். யாரோடு பேசினாய் என்று கேட்காதீர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் பெண் கட்டுத்துணி உறையைக் கிழித்ததும் ஒரு வாசனை வந்தது. வெளுத்த பருத்தி, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர், கொஞ்சம் வெயில். அந்தப் பெண் "வலிக்குதா ஆன்ட்டி?" என்று கேட்டாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் விரலில் இல்லை.

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் ஒரு கட்டுத்துணிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் காலை பஸ்ஸில் போய், சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். டைப்பிங்கில் நான் ஹையர் பாஸ் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடித்த கடிதங்களை மானேஜர் படிக்கும்போது அவர் முகம் போகிற போக்கை அம்மா பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணியை நாங்கள் மூட்டை மூட்டையாக அனுப்பினோம். தறியிலிருந்து வரும்போது அது பழுப்பாக, கஞ்சி நாற்றத்தோடு இருக்கும். வேகவைத்து வெளுத்து, கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வரிசை வரிசையாகக் கொடியில் போடுவார்கள். உச்சி வெயிலில் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசும்.

அந்தக் கம்பெனி கேட்டில் காவலுக்கு இரண்டு பேர். ஒருவர் பர்மாக்காரர். இன்னொன்று முதலாளி வீட்டு நாய். ராஜபாளையத்துச் சாதி நாய்தான். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் காது சுத்தமாகக் கேட்காது. அந்த வெள்ளை நாய்களில் சிலது அப்படித்தான் பிறக்கும். லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்தாலும் அது பாட்டுக்குத் தூங்கும்.

பர்மாக்காரருக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். நெட்டையான ஆள். காக்கிச் சட்டைக்கு அவரே பெட்டி போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்துவார். யுத்தத்துக்குப் போய் வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பள நாளில் கணக்கப்பிள்ளை அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் தாமதமாகத்தான் திரும்புவார். எங்கள் பக்கத்தில் கடல் தாண்டிப் போனவர்கள் என்றால் ஒன்று கொழும்பு, இல்லையென்றால் பர்மா. மூன்றாவது ஊர் ஒன்று உண்டு என்பதை ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் போனவருக்குக் கொழும்பு பொருந்தாதே, அதனால் பர்மா. அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்தான். மனைவி தவறி, மகன் பம்பாயில் வேலையாகிவிட, தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில் தனியாகக் குடியிருந்தார். நான் போகிற பஸ்ஸில்தான் அவரும் வருவார். உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்.

காது கேட்காத நாயிடம் அவர் ஓயாமல் பேசுவார். கையை ஆட்டி "வியேனி, வியேனி" என்பார். கை ஆடுவதைப் பார்த்து அது வரும். பேக்கிங் பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு நாயின் பெயர் வேணி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது கடுவன் நாய். "ஏட்டி, வேணிக்குச் சோறு வச்சியா?" என்று அவர்கள் கத்த, சூப்பர்வைசருக்கு முகம் கடுத்துப் போகும். அவர் சம்சாரத்தின் பெயர் கிருஷ்ணவேணி. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கோபம் வந்தால் தெலுங்கில்தான் திட்டுவார். திட்டு வாங்குகிறவர்களுக்குப் பாதி புரியாததால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

ஒரு மார்கழி மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்பக்கப் பொட்டலில் பர்மாக்காரர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். எதிரே அத்தனை கொடியிலும் வெள்ளைத் துணி. மேற்கே மலை.

"என்னய்யா, அப்படிப் பாக்கீய?" என்றேன்.

"பனி விழுந்து கெடந்தா இப்படித்தான் இருக்கும் தாயி. மண்ணு தெரியாது. மரத்துல, கூரையில, எங்க பாத்தாலும் வெள்ள."

"பர்மாவுல அம்புட்டுப் பனி விழுமா?"

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் நாய்தான் இருந்தது.

"நான் பர்மாவப் பாத்ததே இல்ல தாயி. நான் இருந்தது இத்தாலி."

மதராஸ் ஆட்கள் நிறைய இருந்த, பாலம் கட்டுகிற பட்டாளம் அவருடையது. எகிப்தில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு இத்தாலிக்கு அனுப்பினார்களாம். ஜெர்மன்காரன் உடைத்துவிட்டுப் போன பாலத்தையெல்லாம் இவர்கள் கட்டிக்கொண்டே போனார்களாம். அந்த ஊர்ச் சொற்கள் சிலது அவரிடம் மிச்சம் இருந்தன. ரொட்டிக்குப் பானே, தண்ணீருக்கு ஆக்குவா, பனிக்கு நேவே. வியேனி என்றால் வா என்று அர்த்தம். ஒரு மலைக் கிராமத்தில் ஒரு கிழவி இவரை வியேனி வியேனி என்று கூப்பிட்டு, அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்துச் சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தாளாம். சொல்லும்போது அவருக்கு முகமே வேறாக இருந்தது. சங்கு ஊதியதும் காவல்காரர் முகத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? அடுத்த நாளே பேக்கிங் பெண்களிடம் சொன்னேன். "பர்மாக்காரர் பர்மாவுக்குப் போகவே இல்லையாம்க்கா. இத்தாலிக்குத்தான் போனாராம்."

காளியம்மாள் அக்கா துணியைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, "எத்தாலிக்கு?" என்றாள்.

"இத்தாலிக்கா."

"அதான் கேக்கேன், எத்தாலி? ஆரு தாலி?"

அன்றைக்கு ஹாலே சிரித்தது. "இத்தாலியாம், அத்தாலியாம்" என்று ஒரு வாரம் ஓடியது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் மறந்துபோய், அவர் பழையபடி பர்மாக்காரரே ஆகிவிட்டார். அவரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதத்தில் ஒரு விடுமுறை நாளில் அவர் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரத்துக்குப் போய்வருவார். பையில் கொஞ்சம் பால்கோவா, வெற்றிலை பாக்கு, தலைவலித் தைலம். "அங்க அவியளுக்கு யாரோ இருக்காக" என்று பெண்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள். கூடப் பட்டாளத்தில் இருந்த சீனி என்பவரின் மனைவி அங்கே இருக்கிறாள் என்பதற்கு மேல் எனக்கும் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சுதந்திர தினத்துக்கு, முதலாளி உறுப்பினராக இருந்த ஒரு சங்கம் பழைய பட்டாளத்துக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தது. எங்கள் கம்பெனி சார்பில் பர்மாக்காரர். அறிமுகக் குறிப்பை டைப் அடிக்கிற வேலை என்னிடம் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷமாக ஊர் சொல்கிற தப்பை ஒரே நாளில் மைக்கில் திருத்திவிடலாம் அல்லவா? இத்தாலி, பனி, பாலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிழையில்லாமல் அடித்தேன். என் உத்தியோக வாழ்வில் பிழையில்லாமல் அடித்த ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் தலைமை தாங்க வந்திருந்தார். முன்வரிசையில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, வெளுத்த தலை, நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். மஞ்சள் கயிறு சேலைக்கு வெளியே தெரிந்தது. அவள்தான் சீனியின் மனைவி, மகாராஜபுரத்து வெள்ளையம்மாள் ஆச்சி. பெரிய அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டு, பர்மாக்காரரைக் கெஞ்சி, பஸ் மாறி வந்திருந்தாள்.

பர்மாக்காரரை மேடைக்கு அழைத்தார்கள். செயலாளர் என் தாளைக் கையில் எடுத்து, தொண்டையைக் கனைத்து, "இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலி நாட்டின் பனிமலைகளில்" என்று ஆரம்பித்தார். நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"இல்லய்யா" என்றார் பர்மாக்காரர். மைக் பக்கத்திலேயே நின்றதால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தப்பா எழுதியிருக்கு. நான் பர்மா. பர்மாவுலதான் இருந்தேன்."

கூட்டம் சிரித்தது. செயலாளர் தாளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், முதலாளி மானேஜரைப் பார்த்தார், மானேஜர் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க ஆள் இல்லாததால் நான் தரையைப் பார்த்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். 'பர்மா வீரர்' என்று கைதட்டினார்கள்.

இறங்கி வந்த அதிகாரியின் வழியை வெள்ளையம்மாள் ஆச்சி மறித்துக்கொண்டாள். "ஐயா, எங்க வீட்டுக்காரவுக பர்மாச் சண்டையில காணாமப் போயிட்டாக. சீனின்னு பேரு. இந்த அண்ணன் கூடத்தான் இருந்தாக. அங்கன விசாரிச்சா தெரியுமாய்யா?" அதிகாரி பர்மாக்காரரை ஏறிட்டுப் பார்த்தார். பர்மாக்காரர் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, "பர்மாவில காடு ஜாஸ்தி அம்மா. விசாரிக்கச் சொல்றேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆச்சிக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆச்சியை வத்திராயிருப்பு வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பியவரிடம் நான் பாய்ந்தேன். "எத்தன பேர் முன்னால என்னைய மடச்சியாக்கிட்டீய? நீங்கதானய்யா இத்தாலின்னு சொன்னீய?"

"செத்த நேரம் உக்காரு தாயி" என்றார்.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான். குளிர்காலம். ஆறு நிறையத் தண்ணீர். குறுக்கே பாலம் போட, படகை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு அறுந்தது. சீனி விழுந்துவிட்டார். இவர் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"புடிச்சிட்டேன் தாயி. நல்லாத்தான் புடிச்சேன். கையில போட்டிருந்த உறை மட்டும் எங்கிட்ட நின்னுச்சு. அவன் போயிட்டான். என் கண்ணு முன்னாலதான் முங்கினான். பொணம் கெடைக்கல. சர்க்கார்ல இருந்து அவ வீட்டுக்குக் காணோம்னுதான் சேதி போயிருக்கு."

யுத்தம் முடிந்து ஊர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் மகாராஜபுரத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்ற வெள்ளையம்மாளுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. இவர் வாய் திறக்கும் முன் அவள் கேட்டாளாம்: "அண்ணே, பர்மாவுல இருந்து எல்லாரும் நடந்தே வந்தாகளாமே, இவிய எங்கன வந்துக்கிட்டு இருக்காக?"

"பர்மான்னு அவளுக்கு ஆரு சொன்னான்னு தெரியல. ஊரே சொல்லிச்சு. அப்ப நானும் ஆமாத்தா, பர்மாதான்னு சொல்லிட்டேன். பர்மான்னா வாரதுக்கு வழி இருக்குல்ல? பொறவு கப்பல் கப்பலா அங்கேயிருந்து ஆளுக வந்து எறங்கினப்பவும் அவ ஒவ்வொருத்தரையாப் போய்ப் பாத்து விசாரிச்சா. இத்தாலியில இருந்து ஆரு வாரா, சொல்லு? இத்தாலின்னு நான் சொல்லிட்டா அவ தாலி போயிரும் தாயி."

காளியம்மாள் அக்கா கேட்டு ஹாலே சிரித்த அதே சொல். இங்கே சிரிக்க யாரும் இல்லை.

ஒருத்தியிடம் பர்மா, மற்றவர்களிடம் இத்தாலி என்று சொல்ல முடியாதே. சின்ன ஊர், காற்றில் போய்விடும். அதனால் எல்லோரிடமும் பர்மா. மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். "பொம்பளைக வாயில நிக்காது தாயி" என்று என்னிடமே சொன்னார். நான் யார் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்திருக்க வேண்டும். பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடுகிற இடத்துக்கெல்லாம் அவர் போகமாட்டார். நிஜமாகவே பர்மாவில் சண்டை போட்டவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் உண்டு. இரண்டு கேள்வி கேட்டால் பிடித்துவிடுவார்கள். ஒரு மனுஷன் பனியிலும் சேற்றிலும் கிடந்து வந்த காலத்தை, அதே மாதிரி கிடந்து வந்த இன்னொருவரோடு உட்கார்ந்து பேச வழியில்லை. நாயிடம்தான் பேச முடிந்தது. அந்த நாய்க்கும் காது கேட்காது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. கோபம் வந்தது, அவர் மேலா ஆச்சி மேலா என்று தெரியாத கோபம். அதற்குப் பிறகு என் வாயில் இத்தாலி என்ற சொல் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளையம்மாள் ஆச்சி போய்விட்டாள். தகவல் வந்த அன்று பர்மாக்காரர் டைப் மிஷின் பக்கத்தில் வந்து நின்று, "நீயும் வாரியா தாயி?" என்றார். போனேன்.

மகாராஜபுரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு தகராறு. குளிப்பாட்டத் தண்ணீர் தயாராக இருந்தது. மஞ்சள் பூசி, பூ வைத்து, கூறைச் சேலை கட்டிச் சுமங்கலியாக அனுப்புவதா, வேண்டாமா என்பதில் பெண்கள் இரண்டு கட்சி. "புருசன் மொகத்த இத்தன வருசமாப் பாக்காதவளுக்கு என்ன மஞ்சள் வேண்டிக்கிடக்கு?" என்றாள் ஒருத்தி. "கயித்த அவ கழுத்துல இருந்து நீ கழட்டுவியா?" என்றாள் இன்னொருத்தி. ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "பர்மாக்காரர் வந்துட்டாரு. அவரு சொல்லட்டும்" என்றார். "சொல்லும்யா. கூட இருந்தவரு நீரு ஒருத்தர்தான். சீனி இருக்காரா, இல்லையா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் மட்டும் அவர் கையைப் பார்த்தேன். வலது கை எதையோ பிடித்திருப்பதுபோல் மூடியிருந்தது.

"செத்தத ஆரு பாத்தா?" என்றார். குரல் உடையவே இல்லை. "மஞ்சள் பூசுங்க."

பூசினார்கள். மஞ்சள் முகமும் குங்குமமும் தலை நிறையப் பூவுமாக, கல்யாணப் பெண் மாதிரி போனாள் ஆச்சி. திரும்பி வரும்போது பர்மாக்காரர் பஸ்ஸில் முதல் தடவையாக உட்கார்ந்து வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்டபோது, "இனிமே சொல்லலாம்ல தாயி?" என்றார்.

"சொல்லலாம்யா. தாராளமாச் சொல்லலாம்" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தார். டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார். நான் பர்மாக்காரன் இல்லப்பா, இத்தாலியில இருந்தவன். ஊர் என்ன செய்தது தெரியுமா? பாவம், பர்மாக்காரருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு செய்தது. வாய்க்கு வாய் பர்மா பர்மா என்று சொன்ன மனுஷன் இப்போது வேறு நாட்டைச் சொன்னால் வேறு என்ன நினைப்பார்கள்? "சரிங்கய்யா, இத்தாலிதான். டீயக் குடிங்க, ஆறிப்போகுது" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். அவர் ஒரு நாள் கோபத்தில் கிளாஸைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். அதோடு புத்திக்கோளாறு ஊர்ஜிதம் ஆகிவிட்டது. நான் போய் டீக்கடைக்காரரிடம், "அவிய சொல்றது நெசம்ண்ணே" என்றேன். அவர் என்னைக் கனிவோடு பார்த்து, "நீ நல்ல மனசுக்காரிம்மா. பெரியவுக மனசு நோகக் கூடாதுன்னு பேசுத" என்றார். அதற்குப் பிறகு பர்மாக்காரர் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கேட் வேலையும் அதற்கு முன்பே போயிருந்தது. நாயும் இல்லை.

தொண்ணூறுகள் முடிவதற்குள் அவரும் போய்விட்டார். தேரடிச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். காக்கிச் சட்டையில் படம், கீழே 'பர்மா யுத்த வீரர்' என்று கொட்டை எழுத்து. பம்பாயிலிருந்து வந்திருந்த மகனிடம் போய்த் துக்கம் கேட்டேன். சொல்லாமல் வர மனசு கேட்கவில்லை. "உங்க அப்பா பர்மாவுல இல்ல. இத்தாலியில இருந்தவிய. பாலம் கட்டினவிய" என்றேன். அவர் சோர்ந்துபோன கண்ணோடு என்னைப் பார்த்து, "எங்கிட்டயும் போன்ல அதேதாங்க சொல்லிக்கிட்டிருந்தாரு. கடைசியில ரொம்பக் கொழம்பிட்டாரு" என்றார். பிறகு, "உங்களையும் நம்ப வச்சிட்டாரா?" என்று கேட்டார்.

விரல் ஆறியதும், பழைய ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டி வந்தது. ராஜபாளையத்தில் கம்பெனி இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். துணி காய்ந்த பொட்டல் எது என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தேரடிக்குப் பின்னால் நடந்தேன். தெருவே மாறிவிட்டது. எல்லாம் மாடி வீடு. முனையில் இருந்த செல்போன் கடைக்காரரிடம், "இங்க பர்மாக்காரர் வீடுன்னு ஒண்ணு இருந்துச்சே, எதுப்பா?" என்று கேட்டேன்.

அவர் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"பர்மா பஜாரா மேடம்? அது மெட்ராஸ்லல்ல இருக்கு."

ஆமாம், மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.